பயிற்சிக்குச் செல்லும் மாணவரும் அனுப்பிவைக்கும் நாமும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





நமது மன்றச் செயலாளர் சென்ற மாதம் எமது இல்லம் வந்து, ஆண்டு விழாவிலே இளைஞருக்குப் பயன்படத்தக்க ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டார். எதைப் பேசுவது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, படலையைத் திறந்துகொண்டு அயல்வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். உயர்தொழில்நுட்பம் பயில்கின்ற பிள்ளை, கெட்டிக்காரன். கையிலே கல்லூரி கொடுத்த கடிதம் ஒன்று. இன்ன மாணவரை ஆறு மாத காலத்துக்குத் தொழிற்பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகின்ற கடிதம். யாருக்கு என்ற இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"ஐயா, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கந்தோரில சொல்லி விடுங்க. எந்த இடமெண்டாலும் பரவாயில்லை. கடைசியில கையொப்பம் வச்சுத் தந்தாப் போதும்" என்றான்.

செயலாளர் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் 45 ஆண்டுகளுக்கு முன்னர் ஏறக்குறைய இதே வார்த்தைகளை நாமும் சொன்னதுண்டு. ஆகவே அந்தக் கடிதத்தில் வெறுமையாக இருந்த அந்த ஓர் இடத்தைப் பற்றியே இன்று பேசுவது என்று அப்பொழுதே தீர்மானித்துவிட்டோம்.

இன்று நமது மாவட்டத்திலே பயிற்சி என்ற சொல்லுக்குக் குறைவில்லை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. அங்கு விவசாயம் படிக்கும் பிள்ளை வயலில் இறங்கவேண்டும். மருத்துவம் படிக்கும் பிள்ளை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கவேண்டும். தாழங்குடாவில் உள்ள கல்வியியற் கல்லூரியிலோ, ஈராண்டு விடுதியிலிருந்து படித்த பின்னர் ஓராண்டு பாடசாலையொன்றிற் கட்டுறு பயிற்சி என்று முறை வகுத்தார்கள். தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. உயர்தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. 2013 முதல் க.பொ.த. உயர்தரத்திலேயே தொழில்நுட்பப் பிரிவு உண்டு. சட்டத்துக்கும் குறைவில்லை. பயிலுநர்களுக்கென 1971இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் மூன்றாம் நிலைக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் இன்னொன்று வந்தது.

இவ்வளவும் இருந்தும் 2017ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் காந்திப் பூங்கா அருகே பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலை கேட்டு இரவு பகலாகச் சத்தியாக்கிரகம் இருந்ததை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். நாமும் ஒருநாள் அவர்களருகே போய் இருந்தோம். ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "போற இடமெல்லாம் அனுபவம் இருக்கா எண்டு கேக்கிறாங்க ஐயா. அனுபவத்த எந்தக் கடையில வாங்கிற?" அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அவள் படித்த காலத்தில் அவளுக்குக் கிடைத்த பயிற்சி என்னவென்று கேட்டோம். மூன்று மாதம் ஓரிடத்தில் கடிதங்களுக்கு இலக்கமிட்டாளாம். யார் எழுதிய கடிதங்கள், எதைப் பற்றியவை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இதை வைத்துப் பிள்ளைகளைக் குறை சொல்லுதல் எளிது. நாம் அதற்கு வரவில்லை. பயிற்சி என்பது என்ன என்று நமது ஊருக்கு முன்பு நன்றாகவே தெரிந்திருந்தது.

நமது கூத்தைப் பாருங்கள். அண்ணாவியார் முதல் நாளிலேயே பிள்ளையின் காலிற் சதங்கையைக் கட்டிவிடுவதில்லை. முதலிற் சட்டங் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று குரலையும் உடம்பையும் பார்த்துத் தீர்மானித்து, அவரவர் பாட்டை அவரவர் கையிலே கொடுப்பது அது. பின்பு வெறும் மண்ணிலே மாதக்கணக்காக ஆட்டம் பழகுவார்கள். கால் சரிவர மிதித்த பின்னரே சதங்கை அணியும் நாள் வரும். அன்று ஊர் கூடும், தாய்மார் மகிழ்வார்கள், ஆயினும் அது அரங்கேற்றமன்று. அதன் பின்னும் அடுக்குப் பார்த்துப் பிழை திருத்தவேண்டும். எல்லாம் முடிந்தே அரங்கேற்றம். நமது கல்லூரிகள் பல இன்று சட்டங் கொடுத்த மறுநாளே பிள்ளையை அரங்கேற்றத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஆடத் தெரியாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது' என்று களரியில் இருக்கும் நாம் சொல்கிறோம்.

கூத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். 1960களிலே, பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கூத்துக்குப் புத்துயிர் கொடுக்க முனைந்தபோது, தம்முடைய பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்க நமது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அழைத்தார். பட்டப்படிப்பு மாணவர்கள் அந்தக் கிராமத்து அண்ணாவியார் முன்னிலையிலே நின்று தாளக்கட்டுப் பழகினார்கள். கர்ணன் போர், இராவணேசன் முதலியவை அவ்வாறே மேடை கண்டன. அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் நமது கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே நுண்கலைப் பேராசிரியரானார். பட்டமில்லாத ஆசானின் முன்னே பட்டதாரி கைகட்டி நிற்பது இழுக்கல்ல என்பதற்கு இதைவிட அண்மையான சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

இனி எமது கதை. 1972ஆம் ஆண்டு அரசாங்கம் கல்வியை மாற்றியமைத்தது. பழைய சாதாரணதரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம். ஆறாம் வகுப்பு முதற்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தொழில்முன்னிலைப் பாடம். அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்தப் பாடசாலை கற்பிக்கவேண்டும் என்பது நோக்கம். அது மிக நல்ல நோக்கம் என்று இன்றும் சொல்வோம். அந்த முதற்கூட்டத்துப் பிள்ளைகளில் நாமும் ஒருவர்.

எங்கள் பாடசாலை வாவிக் கரையிலே இருந்தது. யன்னலாற் பார்த்தால் தோணி தெரியும். எங்களுக்கு வாய்த்த பாடம் மீன்பிடி. கற்பிக்க வந்தவரோ சரித்திரம் படித்த ஆசிரியர். பாவம், நீந்தவே தெரியாதவர். அவர் கரும்பலகையில் வலைக்கண் கீறினார். நாங்கள் கொப்பியிற் கீறினோம். அத்தாங்கின் படம் கீறிப் பகுதிகளைக் குறிக்கும்படி ஆண்டிறுதியில் வினா வந்தது. எங்களிற் பலர் முழுப் புள்ளி எடுத்தோம். அந்தக் காலம் முழுவதிலும் ஒருநாளாவது நாங்கள் தோணியில் ஏற்றப்படவில்லை. கடைசி வாங்கில் ஒருவன் இருந்தான். இரவெல்லாம் தகப்பனோடு வாவியில் இறால் பிடித்துவிட்டு வந்து வகுப்பிலே தூங்கி வழிவான். மீன்பிடிப் பாடத்தில் அவன் பெயில்.

பெற்றோரும் அந்தப் பாடத்தை விரும்பவில்லை. "நாங்க சேத்தில நிண்டது காணாதா, புள்ளையும் நிக்கவா?" என்று கேட்டார்கள். பட்டினத்துப் பிள்ளை டாக்டராகவும் நம்முடைய பிள்ளை தோணிக்காரனாகவும் ஆவதற்கு இது ஒரு சூழ்ச்சி என்றும் பேசிக்கொண்டார்கள். ஆயுதமில்லை, பழகிய ஆசிரியரில்லை, ஊரின் மனமும் இல்லை. 1977இல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டமும் போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். சுரைக்காயை ஏட்டிலேயே நட்டுவைத்த அந்தப் பாடத்தை நாம் மறக்கவில்லை.

அதன்பின் தொழில்நுட்பக் கல்வி பயிலச் சென்றோம்; படவரைஞர் வேலை. அவ்வேளையில்தான் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தது. பெரியோர்களுக்கு அந்த இரவைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. 900க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. காலையில் எழுந்து பார்த்தால் தென்னந்தோட்டங்கள் சீப்பால் வாரிவிட்டதுபோலச் சாய்ந்து கிடந்தன. கூரையில்லாத வீடுகளுக்குள் வானம் தெரிந்தது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்களில் மூவரைக் கட்டடத் திருத்த வேலை நடக்கும் ஓரிடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் கூறிய புத்திமதி இரண்டு: நேரத்துக்குப் போங்கள், நீளக் காற்சட்டை போடுங்கள். அங்கே எங்களை எதிர்பார்த்திருந்தவர் எவருமில்லை. பொறுப்பாயிருந்தவர் கடிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சீமெந்துப் பை எண்ணச் சொன்னார். ஐந்து கிழமை சீமெந்துப் பை எண்ணினோம். மிச்ச நேரமெல்லாம் வேப்பமர நிழலில் இருந்தோம். மாலையிலே குறிப்பேட்டில், 'கட்டட வேலையை அவதானித்தோம்' என்று எழுதினோம். ஐந்து கிழமையும் அதே வசனந்தான்.

ஆறாவது கிழமையில் ஒருநாள் மத்தியானம், வயதான மேசன் ஒருவர் அதே வேப்பமரத்தின் கீழ் வந்திருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்.

"தம்பிமார் என்ன படிக்கிறீங்க?"

"வீட்டுப் படம் கீறப் படிக்கிறம் ஐயா."

"அப்ப ஒண்டு சொல்லுங்க. இந்தத் தெருவில எத்தனை வீட்டுக்குக் கூரை மிச்சம்?"

ஐந்து கிழமையாக அந்தத் தெருவால் நடந்து வந்தவர்கள் நாங்கள். விடை தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"போய் எண்ணிக்கிட்டு வாங்க மனே. சீமெந்துப் பை ஓடிப் போகாது."

போனோம். இரண்டு பக்கமும் எண்ணினோம். கூரை குலையாமல் நின்ற வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. திரும்பி வந்து சொன்னதும், "அது ஏன் நிண்டது?" என்றார். புதிய வீடாயிருக்கும் என்றான் ஒருவன். காசுள்ளவர் வீடு என்றான் மற்றவன். கிழவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு எங்களைக் கூட்டிச் சென்றார். அகன்ற விறாந்தையுள்ள பெரிய ஓட்டு வீடு ஒன்று. அதற்குத்தான் கூரை போயிருந்தது. அடுத்த வளவில் இரண்டே அறையுள்ள ஒரு வீடு. அது அப்படியே நின்றது. பெரிய வீட்டிலே சுவரின்மேற் கிடத்திய மரம் தன் பாரத்தினாலே மட்டும் இருந்ததாம். சாந்து பூசி மூடியிருந்தார்கள், வேறு பிடியில்லை. சின்ன வீட்டிலே சுவருக்குள் சில வரிசைக் கல்லுக்குக் கீழேயிருந்து கம்பி எழும்பி வந்து அந்த மரத்தை வளைத்துப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கைமரமும் அதனோடு கம்பியாற் கட்டப்பட்டிருந்தது. விறாந்தைக் கூரையும் பெரிய கூரையும் ஒன்றாய் ஓடியதனால், பெரிய வீட்டில் விறாந்தைக்குக் கீழே புகுந்த காற்றுக்கு முழுக் கூரையும் பட்டம்போல ஆகிவிட்டது.

"காத்து கூரையைத் தள்ளிற எண்டுதான் எல்லாரும் நினைக்கிற. தள்ளிறல்ல மனே, தூக்கிற. தூக்கிறதக் கீழ இழுத்துப் பிடிக்க ஆள் வேணும்."

படம் கீறும் வகுப்பிலே அந்த மரத்தை நாங்கள் எத்தனையோ முறை கீறியிருக்கிறோம். இரண்டு கோடும், குறுக்கே சாய்ந்த நிழற்கோடும். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மாலை குறிப்பேட்டில் மூன்று பக்கம் எழுதினோம். மறு கிழமை அவர் எங்களைச் சாரத்தில் ஏற்றினார். கம்பியை வளைக்கச் சொன்னார், வளைத்தோம். கழற்றி மறுபடியும் வளைக்கச் சொன்னார். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று சீமெந்தும் மணலும் கல்லும் கலக்கும் கணக்கு எங்களுக்கு மனப்பாடம்; எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் கலவையைக் கையிலே அள்ளிப் பிடித்துக் காட்டினார். அவருக்கு வரைபடம் வாசிக்க வராது. நாங்கள் அளவுகளை வாசித்துச் சொன்னோம். ஒருமுறை படத்தில் இருந்த ஒரு பிழையை அவர்தாம் கண்டுபிடித்தார், படத்தைப் பாராமலே.

எங்கள் பயிற்சிச் சான்றிதழில் அவருடைய பெயர் இல்லை. கையொப்பம் வைத்தவர் சீமெந்துப் பை எண்ணச் சொன்னவர்.

இப்பொழுதும் நாம் யோசிப்பதுண்டு. அன்று அந்தக் கிழவர் தமது சோற்றுப் பார்சலை வேறொரு மரத்தடியில் அவிழ்த்திருந்தால்? ஆறு மாதமும் 'அவதானித்தோம்' என்றே எழுதியிருப்போம். சான்றிதழ் அதேதான் கிடைத்திருக்கும். அதன்பின் நாம் கீறிய வீடுகளிலே பிள்ளைகுட்டிகளோடு மனிதர் குடியிருக்கிறார்கள். அவற்றின் கூரை நிற்பதும் நில்லாததும் ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையின் தற்செயலிலே தொங்கியது. ஆறாவது கிழமையில் அவர் கேட்ட கேள்வியை முதல் நாளே எங்கள் கையிற் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கொடுக்க ஆளில்லை. அந்த ஒரு குறையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்ற எஞ்சினியரிங் ஆசிரியர், வகுப்பிற் படித்தது தொழிற்சாலையில் உதவவில்லை, தொழிற்சாலையிற் கண்டது வகுப்புக்கு வருவதில்லை என்று கண்டு, 1906இல் 27 மாணவரோடு ஒரு புதுமுறையைத் தொடங்கினார். இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் பட்டறையில் நிற்கும் கிழமையில் மற்றவர் வகுப்பில் இருப்பார். அடுத்த கிழமை மாறிக்கொள்வர். பட்டறையில் முளைத்த கேள்வி ஒரு கிழமைக்குள் வகுப்புக்கு வந்துவிடும். ஜேர்மனியிலும் பயிலுநர் கிழமையிற் சில நாள் தொழிலிடத்திலும் மிச்ச நாள் தொழிற் பாடசாலையிலுமாக வளர்கின்றனர். நாமோ மூன்றாண்டு வகுப்பில் அடைத்து வைத்துவிட்டு, கடைசியில் ஆறு மாதம் மொத்தமாக வெளியே தள்ளுகிறோம். பிள்ளை திரும்பி வரும்போது கேள்வி கேட்பதற்கு வகுப்பே முடிந்துபோயிருக்கும்.

கல்லூரிகளின் பாடத்திட்டத்தை இந்த மன்றம் மாற்ற முடியாது. ஆனால் கேள்வி கொடுத்து அனுப்ப முடியும்.

என்ன கேள்வி என்கிறீர்களா? விவசாயம் படித்து நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போகும் பிள்ளைக்கு இதோ ஒன்று. நமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிடவேண்டும். எந்த நாள் வெட்டுவது? வயலிலே தண்ணீர் நிற்கும் போடியார் ஒரு நாள் சொல்வார். வாவியில் இறால் வளர்வதைப் பார்த்திருக்கும் மீனவர் வேறொரு நாள் சொல்வார். எஞ்சினியர் அளவுகோலைப் பார்த்து இன்னொன்று சொல்வார். மூவரிடமும் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா. புத்தகத்தில் இதற்கு விடையில்லை. கணக்கியல் படிக்கும் பிள்ளை ஒரு கடைக்குப் போனால், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையிலே அந்தக் கடை எவ்வளவு கடன் கொடுத்துத் தாங்குகிறது, எது திரும்பி வருகிறது, எது வருவதில்லை என்று பார்க்கட்டும். கணினி படித்த பிள்ளை ஒரு கந்தோருக்குப் போனால், ஒரே விபரத்தை எத்தனை புத்தகத்தில் எத்தனை பேர் கையால் எழுதுகிறார்கள் என்று எண்ணட்டும். படுவான்கரைப் பாடசாலையொன்றுக்குக் கட்டுறு பயிற்சிக்குப் போகும் பிள்ளை, அறுவடைக் காலத்தில் வராத மாணவர் யார், ஏன் என்று வீட்டுக்குப் போய் விசாரிக்கட்டும். சீமெந்துப் பை எண்ணச் சொன்னாலும் எண்ணட்டும். எண்ணியபடியே, ஒரு நாளைக்கு எத்தனை பை, எந்த வேலைக்கு, எவ்வளவு வீண் என்று கேட்கட்டும். அற்ப வேலை என்று ஒன்றில்லை என்று நாம் சொல்லமாட்டோம், உண்டு. ஆனால் கேள்வியோடு போனவனுக்கு அதற்குள்ளும் ஏதோ கிடைக்கும்.

அடுத்தது சொல். போகும் இடத்தின் சொல் தெரியாமல் போகக்கூடாது. பட்டறைக்கு ஒரு மொழி, கந்தோருக்கு ஒரு மொழி, களவெட்டிக்கு ஒரு மொழி. களவெட்டியில் நின்று நெல்லை நெல் என்று சொன்னால் பெரியவர் முறைப்பார். பொலி என்று சொல்லவேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளாரை நாம் யாழ்நூல் ஆசிரியராகவே நினைக்கிறோம். அவர் துறவு பூணுமுன் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பெற்றவர். 1930களில் சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் முன்னின்றவர். யாழைப் பற்றி எழுதியதோடு நில்லாமல் கணக்கிட்டு யாழ் செய்வித்தும் பார்த்தவர். அவர் ஆக்க விரும்பிய புத்தகத் தமிழுக்கும் ஓடாவியின் வாய்த் தமிழுக்கும் நடுவே பாலமாக நிற்கவேண்டியவன் இன்றைய மாணவன். புதிதாகக் கேட்ட சொல் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்கள்.

குறிப்பேடு என்றதும் ஒன்று. 'அவதானித்தேன்' என்ற சொல்லை நாமாகவே விலக்கிவிடுவோம். இன்று என் கையாற் செய்தது என்ன, கெட்டது என்ன, யார் திருத்தினார் என்று எழுதட்டும். கெட்டதை எழுதப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். புள்ளி குறையும் என்ற பயம். நமக்குப் புள்ளியிடும் அதிகாரமில்லை. ஆதலால் நமக்குக் காட்டப் பயமில்லை. இது மன்றத்துக்கு உள்ள ஒரு வசதி.

இனிப் பெரியோர்களுக்குச் சிறிது. மன்னிக்கவேண்டும், கொஞ்சம் கசக்கும்.

கடிதத்தோடு வரும் பிள்ளையைச் சம்பளமில்லாத ஆளாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. தேநீர் வாங்கவும், வங்கி வரிசையில் நிற்கவும் பிள்ளை அகப்பட்டான் என்று மகிழ்கிறோம். ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால், அவனுக்குப் பொறுப்பாக ஒருவரை முதல் நாளே காட்டிவிடுங்கள். ஆறு மாதத்தில் ஒரு வேலையாவது தொடக்கம் முதல் முடிவு வரை அவன் கையால் நடக்கட்டும். பிழை விட்டால் அன்றே சொல்லுங்கள். கடைசி நாள் அறிக்கையில் எழுதி என்ன பயன்? பஸ் காசையேனும் கொடுங்கள். சாரத்தில் ஏற்றினால் தலைக்கவசம் கொடுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் முதலிற் கேட்பது வேலையைப் பற்றியன்று. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே. கேட்கத்தான் வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் படுவான்கரைப் பிள்ளைகள் பாதைக்காகத் துறையில் காத்துநின்றதை அறிவோம். பாலம் வந்தது, ஆனால் உள்ளூர்களுக்கு மாலை பஸ் இன்னும் அரிதுதான். ஐந்து மணிக்கு விடவேண்டிய பிள்ளையை ஆறரை வரை வைத்திருந்தால், அடுத்த ஆண்டு அந்த ஊரிலிருந்து வேறெந்தப் பெண்பிள்ளையும் வரமாட்டாள்.

மற்றது சாதி. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். இன்ன வேலை இன்னாருக்கு என்ற எண்ணம் நம் வாயை விட்டுப் போயிருக்கலாம்; மனத்தை விட்டுப் போகவில்லை. "படிச்ச புள்ள அந்த ஆளுக்குக் கீழ நிக்கிறதா?" என்று எமது காதாலேயே கேட்டிருக்கிறோம். அந்த ஆளின் கையில் இருப்பது அவரோடு போய்விடும் என்று நாம் பயப்படவேண்டிய காலம் இது. யுத்தம் நடந்த ஆண்டுகளிலே தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கவேண்டிய எத்தனையோ கைப்பழக்கம் அறுந்துபோயிற்று. மிஞ்சியிருக்கும் ஆசான்மாரை விரல்விட்டு எண்ணலாம்.

அவர்களுக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்நாட்டிலே தேசிய தொழிற்றகைமை என்று ஏழு தரங்கள் வகுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத ஓடாவியும் மேசனும் தங்கள் கைத்திறனைப் பரிசோதகர் முன்னே காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ் அந்தச் சான்றிதழைப் பெறலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவருக்கும் படிவம் நிரப்பத் தயக்கம். ஆசானிடம் பழகும் மாணவன் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். எங்கள் கிழவருக்கு நாங்கள் வரைபடம் வாசித்துச் சொன்னதுபோல.

நீண்ட நேரம் பேசிவிட்டோம். செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒரு செய்தி மட்டும் மிச்சமிருக்கிறது.

இந்த மேசையிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இடப்பக்கம், பயிற்சிக்குப் போகவிருக்கும் நமது பிள்ளைகளின் பெயரும், என்ன படிக்கிறார் என்பதும். வலப்பக்கம், பிள்ளை ஒருவரை வாரத்தில் ஒரு மணிநேரம் சந்தித்து, குறிப்பேட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய பெரியோரின் பெயர். தச்சுவேலை, வேளாண்மை, கணக்கு, மின்சாரம், மீன்பிடி, வைத்தியம், ஆசிரியம், எதுவென்றாலும் எழுதலாம். ஓய்வு பெற்றவராயினும் எழுதலாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் பிள்ளைகள் எழுதுவார்கள். பயிற்சிக்குப் போகுமுன் இருவரும் ஒருமுறை அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

முதல் வரியில் அயல்வீட்டுப் பையனின் பெயர் இருக்கிறது. அவனுடைய கடிதத்தில் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தோம், மூன்றாவதை வருகிற செவ்வாய்க்கிழமை பார்க்கப் போகிறோம். அவனுக்கு எதிரே எமது பெயரை எழுதிவிட்டோம். அதற்குக் கீழே இடப்பக்கத்தில் இன்று காலை வரை பதினொரு பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பேனையும் அருகிலே இருக்கிறது.